உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேர நிம்மதி

ஒரே நாளில் இரண்டு பேரிடம் இரண்டு வெவ்வேறு பொய்களை நான் சொன்னது என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். ஊரில் அவனவன் பதவிக்கும் சொத்துக்கும் பொய் சொல்கிறான். நான் ஒரு அடி ஆழத் தண்ணீரில் மல்லாந்து கிடப்பதற்காகச் சொன்னேன். (அதிலும் மாட்டிக்கொண்டேன்.)

திண்டிவனத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பெயர் வளர்மதி. ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியை. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அந்த ஐம்பத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வகுப்புக்குள் பாம்பு வந்திருந்தது.

என் கணவர் ஏழுமலை, கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் யார் மோட்டார் புகைந்தாலும் எங்கள் கடைக்குத்தான் வரும். கடை கீழே, வீடு மாடியில். கட்டி முடித்த மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும் இல்லையா, அதை என் சமையலறைக்கு நேர் கீழே வைத்து ஓட்டிப் பார்ப்பார். ஐந்து குதிரை மோட்டார் ஓடும்போது எங்கள் வீட்டு டம்ளர்கள் அலமாரியில் தாமாகவே நடந்து இடம் மாறிக்கொள்ளும்.

பகலில் இது. ராத்திரியில் குறட்டை.

அவருடைய குறட்டைக்கு மூன்று கட்டம் உண்டு. முதலில் பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவது போல ஒரு முக்கல். அடுத்து, சத்தமே இல்லாத ஒரு நிறுத்தம். (மனிதர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று நான் விரல் விட்டு எண்ணுவது இங்கேதான்.) கடைசியில் குக்கர் விசில் போல நீளமாக ஒரு ‘ஃபூ’. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அந்த வீட்டில் பாதிக்கப்பட்டவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு விடையைக் கட்டம் போட்டு வைத்திருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், காலைப் பேப்பருக்குள்ளிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது. வழக்கமாக விழுவது புடவைக்கடைத் தள்ளுபடி, நீட் கோச்சிங். இது வேறு மாதிரி இருந்தது. கறுப்புக் காகிதத்தில் வெள்ளை எழுத்து.

‘ஒரு மணி நேரம். ஒலி இல்லை. ஒளி இல்லை. எடை இல்லை. நீங்கள் மட்டும். சூன்யா மிதவை நிலையம், விழுப்புரம். திறப்பு விழாச் சலுகையாக முதல் பத்துப் பேருக்கு இலவசம்.’

‘நீங்கள் மட்டும்’ என்ற இரண்டு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நிமிர்ந்தேன். அன்று மதியம் பள்ளிக்கூடத்துக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அந்த எண்ணுக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இடம் பிடித்தேன். ஏதோ கள்ளக் கடத்தல் செய்கிறவள் போலக் குசுகுசுவென்று பேசினேன்.

இனி பொய்கள்.

தலைமையாசிரியை ஸ்டெல்லா மேடத்திடம், “எங்க வீட்டுக்காரருக்கு விழுப்புரத்துல பல் எடுக்கணும் மேடம், கடைவாய்ப் பல்லு, நான் கூட இல்லன்னா பயப்படுவாரு” என்று சொல்லி ஒரு நாள் விடுப்பு வாங்கினேன். வீட்டுக்காரரிடம், “வெள்ளிக்கிழமை விழுப்புரத்துல எங்களுக்குப் பயிற்சிங்க, போகலன்னா விளக்கம் கேப்பாங்க” என்றேன்.

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “போய்ட்டு வா, போய்ட்டு வா” என்று இரண்டு தடவை சொன்னார். “எனக்கும் அன்னைக்குக் கிளியனூர்ல ஒரு போர் மோட்டார் கீது. பெரிய வேலை. வர லேட்டாவும்.”

வெள்ளிக்கிழமை காலையில், கிரீஸும் வார்னிஷும் படியப்போகிற வேலைக்கு அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். தலைக்குக் குளித்து, பவுடரும் பூசியிருந்தார். என் பொய்யை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த மும்முரத்தில் அவருடையதைக் கவனிக்கவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, விசாரித்து விசாரித்து ஒரு சந்துக்குள் போனேன். முன்பக்கம் போட்டோ ஸ்டுடியோ. கூடவே பிளக்ஸ் போர்டும் அடித்துக்கொடுப்பார்கள். பின்பக்கம்தான் சூன்யா. ஸ்டுடியோக்காரர் ஜெகன், கல்யாண ஆர்டர் குறைந்துபோனதால் யாரோ சொல்லி இந்தத் தொழிலில் இறங்கியவர். ஆண்களுக்கு ஸ்டுடியோ வழியாக ஒரு வாசல். பெண்களுக்குப் பக்கவாட்டில், முன்பு மணப்பெண் மேக்கப் அறையாக இருந்த இடத்தின் வழியாக இன்னொன்று.

அந்த அறையில் எனக்கு முன்பே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மடியில் ஒரு பை. பையில் நான்கு எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில் தண்ணீர்.

“நீ எந்த ஊரு கண்ணு?” என்றார்.

“திண்டிவனம்மா. நீங்க?”

“ஒலக்கூரு. உனக்கு யாரு வச்சது?”

“என்னம்மா?”

“எனக்கு எம் மருமவ வச்சிட்டா. மூணு மாசமா சோறு எறங்கல. கோயில்ல மந்திரிச்ச தண்ணியும் கொண்டாந்துகிறேன். இங்க நல்லா எடுக்கறாங்களாமே. போர்டு பாத்தியே, பச்சையா போட்டுக்கினு கீறாங்க, சூனியம்னு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ‘சூன்யா’ என்பதை மன வெறுமை என்று ஜெகன் நினைத்திருக்கிறார். ஊர் வேறு மாதிரி படித்திருக்கிறது. (திறந்த வாரத்திலேயே பத்து இலவச இடத்தில் நான்கு பேர் தகடு எடுக்க வந்தவர்களாம்.) “அம்மா, இது அந்த மாதிரி இடம் இல்ல, சும்மா தண்ணியில படுத்துக்கற இடம்” என்று விளக்கினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சும்மா படுக்கறதுக்கா திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறி வந்த?”

நல்லவேளை, ஜெகனின் மனைவி வந்து என்னை உள்ளே அழைத்துப் போனார்.

அறைக்குள் வெள்ளை ஃபைபரில் ஒரு தொட்டி. ராட்சத முட்டையைப் படுக்க வைத்து, மேல் பாதிக்குக் கீல் போட்டு மூடியாக்கியது போல இருந்தது. “ஒரு அடி தண்ணிதான் மேடம். உரக்கடையில விக்குமே எப்சம் உப்பு, அதை மூட்டை மூட்டையா கரைச்சிகிறோம். முழுகணும்னு நெனச்சாலும் முழுக முடியாது. காதுல இந்தத் தக்கைய வச்சிக்குங்க. கண்ணுல மட்டும் தண்ணி பட்டுடக் கூடாது. பட்டுச்சுன்னா ஒரே பேஜாரு.”

“டிரெஸ்?”

“ஃபாரின்ல ஒண்ணும் இல்லாமதான் படுப்பாங்களாம் மேடம்.”

“விழுப்புரத்துல?”

“விழுப்புரத்துல நைட்டி” என்று சிரித்தார். பிறகு, கதவருகே நின்று ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். “கொஞ்ச நேரம் ஆனா சில பேருக்கு ஏதேதோ சத்தம் கேக்கும். பயந்துக்காதீங்க. அது உங்க மனசு போடற சத்தம்தான்.”

குளித்துவிட்டு நைட்டியோடு இறங்கினேன். மூடியை இழுத்து மூடியதும் இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. மல்லாந்து சாய்ந்த மறுகணம் தண்ணீர் என்னைத் தக்கை போலத் தூக்கியது. கூடவே நைட்டிக்குள் காற்று புகுந்து என் வயிற்றுக்கு மேல் ஒரு கூடாரம் எழுந்தது. அதை அமுக்கினால் கால் பக்கம் வீங்கும். கால் பக்கம் அமுக்கினால் கழுத்துக்கு வரும். முந்தின நாள் மீன் கழுவும்போது விரலில் பட்டிருந்த வெட்டுக்காயம், உப்பு ஏறியதும் தனியாக ஒரு உயிர் வந்தது போலத் துடித்தது.

முதல் பத்து நிமிடம் என் தலைக்குள் ஏழு பி-யைவிட அதிக இரைச்சல். மாவு புளித்துப் போயிருக்குமா? பொண்ணு யாழினி மதியம் டிபன்பாக்ஸ் திறந்து, தயிர்சாதத்தைப் பார்த்துவிட்டு என்ன சொல்வாள்? விடுப்பு விண்ணப்பத்தில் கடைவாய்ப் பல் இடதா வலதா, என்ன எழுதினேன்?

பிறகு, எப்போது என்று தெரியாமல், எல்லாம் அடங்கியது. இதைக் கிண்டல் இல்லாமல் சொல்லியாக வேண்டும். என் கை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இடுப்பு வலியைக் காணோம். டீச்சர் என்று யாரும் கூப்பிடவில்லை. அம்மா என்று கூப்பிடவில்லை. எனக்கு நாற்பத்து மூன்று வயது என்பதே மறந்துபோனது. அழுகை மாதிரி ஏதோ கண் வரைக்கும் வந்தது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொன்னார்களே, அந்தத் தண்ணீரும் இதில் சேர்த்தியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கேட்டது. வெகு தொலைவில், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல. பாரம் ஏற்றிய ஒரு லாரி மேட்டில் ஏறியது.

அப்புறம் நிறுத்தம். என் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

‘ஃபூ.’

மனசு போடும் சத்தம் என்று சொன்னார்களே, இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததும் நெஞ்சு இளகிவிட்டது. பார், இந்த மனிதரிடமிருந்து தப்பித்துப் பஸ் ஏறி இத்தனை மைல் வந்து, காதை அடைத்துக்கொண்டு இருட்டில் கிடந்தும் என் மனசு அவரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அங்கே கிளியனூரில் உச்சி வெயிலில், தேய்த்த சட்டை வீணாகிப்போக, போர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருப்பார். அவரிடம் போய்ப் பொய் சொன்னேனே! போகும்போது அரை கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தப் பாசம் சரியாக நான்கு குறட்டை வரைக்கும் தாக்குப்பிடித்தது. ஐந்தாவதில் எரிச்சல் வந்தது. பத்தாவதில் காதுத் தக்கையைப் பிடுங்கினேன். சத்தம் இரண்டு மடங்கானது.

மனசு போடுகிற சத்தமாக இருந்தால் காதைத் திறந்ததும் அது ஏன் கூட வேண்டும்? அன்றைய தினம் நான் சரியாகப் போட்ட முதல் கணக்கு இது. சுவருக்கு அந்தப்பக்கம் ஆண்கள் அறை இருக்கிறது, இடையில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு, எவனோ ஒருத்தன் இலவசமாகக் கிடைத்த தண்ணீரில் படுத்து உறங்குகிறான். இந்த அளவுக்குத்தான் கணக்கு போனது. ஊரில் ஒரே மாதிரி குறட்டை விடும் ஆம்பளைகள் இரண்டு பேர் இருக்கக் கூடாதா என்ன?

பதினைந்து வருடக் கோபம் எனக்குள்ளிருந்து எழுந்தது. வீட்டில் கட்டினவரை எழுப்ப முடியாது, பாவம், உழைத்துக் களைத்தவர். இவன் யாரோதானே. கையை நீட்டித் தொட்டியின் சுவரை ஓங்கித் தட்டி, பள்ளி மைதானத்தின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கிற என் வகுப்பறைக் குரலில் கத்தினேன்.

“சைலன்ஸ்!”

குறட்டை பாதியில் அறுந்தது. சூன்யா மிதவை நிலையம் நோட்டீஸில் வாக்குக் கொடுத்த அந்த நிசப்தம் அப்போதுதான் முதன்முதலாக வந்தது. அது முடிந்ததும், தடுப்புக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல்.

“வளரு...?”

“என்னங்க?” என்றேன். பழக்கதோஷம். சமையலறையிலிருந்து பதில் சொல்வது போல வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மூளை வேலை செய்தது. விருட்டென்று எழுந்தேன். மூடி தலையில் மோதியது. வழுக்கி மறுபடி விழுந்தேன். இரண்டு கண்ணிலும் உப்புத் தண்ணீர். மிளகாய்த் தூளைக் கரைத்து ஊற்றினால்கூட அப்படி எரியாது. அந்தப்பக்கம் ‘தொபுக்’ என்று ஒரு சத்தமும், “ஐயோ எங்கண்ணு!” என்று அலறலும் கேட்டது.

(அவர் பக்கத்துக் கதையைப் பிற்பாடு அவரே சொன்னார். ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை, உடம்பும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த நிலையில் அகண்ட வெளியிலிருந்து ‘சைலன்ஸ்’ என்று என் குரல் கேட்டதாம். “செத்துட்டேன்னுதான் நெனச்சேன். ஆனா அங்கயும் நீ எப்படி எனக்கு முன்னாடி போனன்னு பயந்துட்டேன்” என்றார்.)

மூடியைத் தள்ளி, சுவரைத் தடவி, கதவைத் தடவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு வெளியே ஓடினேன். நைட்டி காலோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. பொது நடையில் ஆண்கள் பக்கக் கதவும் அதே வேகத்தில் திறந்தது. லுங்கியோடு யாரோ ஓடிவந்து என் தலையில் தலையை மோதினார்கள். “யாருடா அவன்!” என்று நானும், “யாரும்மா அது!” என்று அவரும் கத்தினோம்.

மேக்கப் அறையிலிருந்து எட்டிப் பார்த்த ஒலக்கூர் அம்மாள் இதையெல்லாம் கண்ணால் பார்த்தார். உடம்பெல்லாம் நீர் வழிய, கண் மூடியபடி, ஊளையிட்டுக்கொண்டு இரண்டு உருவம் இரண்டு கதவிலிருந்து புறப்பட்டு வருவதைப் பார்த்தால் வேறு என்னதான் நினைப்பார்?

“வெளிய வந்துருச்சி! ரெண்டும் வெளிய வந்துருச்சி!” என்று கத்தியவர், பின்வாங்கி ஓடவில்லை. அவர் ஒலக்கூர்க்காரர். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, மந்திரித்த தண்ணீர் முழுவதையும் எங்கள் இருவர் முகத்திலும் மாறி மாறி அடித்தார்.

அதுதான் எங்களுக்குக் கண் கொடுத்தது. எரிச்சல் கொஞ்சம் தணிந்து, நான் முதலில் பார்த்தது என் கணவரை. அவர் முதலில் பார்த்தது என்னை.

மோதிய தலையை இருவரும் தடவிக்கொண்டோம்.

“கிளியனூர்ல மோட்டார் ஓடுதுங்களா?” என்றேன்.

“உனக்குப் பயிற்சி முடிஞ்சிடுச்சா?” என்றார்.

துண்டோடு ஓடிவந்த ஜெகன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “சார், ரெண்டு பேரும் முன்னாடியே தெரிஞ்சவங்களா?”

“புருசன் பொண்டாட்டிப்பா” என்றார் ஒலக்கூர் அம்மாள். “மொறைக்கறத பாத்தா தெரில?”

ஜெகன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தொழில் தெரிந்தவர். “நம்ம சென்டருக்கு வந்த மொத ஜோடி சார் நீங்க! ஜல்தியா ஒரே ஒரு போட்டோ!” என்று வெள்ளை டவல் கோட்டு இரண்டை எங்களுக்கு மாட்டிவிட்டு, ஸ்டுடியோவில் அருவிப் படம் வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்தினார். மாட்டிக்கொண்டவர்களுக்கு மறுக்கிற தைரியம் எங்கிருந்து வரும்? “சார் சிரிங்க” என்றதும் என் கணவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவந்த கண்ணோடு கேமராவை முறைத்தேன்.

அவருடைய பைக்கில்தான் திரும்பினோம். காற்றில் காயக் காய, இரண்டு பேர் மேலும் உப்புப் பூத்து, கருவாடு போல வெளுத்துப் போனோம். விக்கிரவாண்டியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்.

“நீங்க ஏன் போனீங்க?” என்றேன்.

“நீ ஏன் போன?”

“உங்க கொறட்டைதான். பதினஞ்சு வருசமா நான் தூங்கல.” அவ்வளவு நாள் அடக்கிவைத்ததைச் சொல்லிவிட்டேன். கோபப்படுவார், அல்லது நொந்துபோவார் என்று பார்த்தேன். அவர் டீயை ஊதினார்.

“நானும்தான் தூங்கல” என்றார்.

“நீங்களா? நீங்க தூங்கறது தெருக்கோடிக்குக் கேக்குதே.”

“அது நீ பாடம் முடிச்ச அப்பால.”

“என்ன பாடம்?”

“தூக்கத்துல பாடம் எடுத்துக்கினு இருக்க வளரு. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து. பின்னம், தசமம், எல்லாம். நடுநடுவுல கத்துவ. பெஞ்சு மேல ஏறச் சொல்லுவ. எனக்கு எட்டாங்கிளாஸோட படிப்பு நின்னுச்சி, ஆனா லாப நட்டக் கணக்கு இப்போ தலைகீழா தெரியும்.”

நான் நம்பவில்லை. குற்றத்தை மறைக்க எதிராளி மேல் பழி போடுகிற பின்பெஞ்சுப் பையன்களை எனக்குத் தெரியாதா? “பொய் சொல்லாதீங்க” என்றேன். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று அவர் கேட்கவில்லை. ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மட்டும், “சொன்னா நீ கூச்சப்பட்டுக்கினு முழிச்சிக்கினே கெடப்ப. காலைல அத்தினி பசங்ககிட்ட கத்தணுமே நீ” என்றார். கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்தார். பின்னால் உட்கார்ந்து வந்த நான், திண்டிவனம் வரும்வரைக்கும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் வந்தேன். (காற்று அதிகம்.)

விஷயம் எங்கள் இருவரோடு முடிந்திருக்கும். ஜெகன் விடவில்லை. பிளக்ஸ் சொந்தமாக அடிப்பவர் ஆயிற்றே. இரண்டு வாரம் கழித்துத் திண்டிவனம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இருபது அடி உயரத்தில், டவல் கோட்டோடு நாங்கள் நின்றோம். ‘மன அமைதி கண்ட எங்கள் முதல் தம்பதியர்!’ என்று தலைக்கு மேல் எழுதியிருந்தது. என் கண் இரண்டும் தக்காளி மாதிரி சிவந்திருந்தன. படத்தின் மூலையில், ஸ்டுடியோக் கேமரா வழக்கப்படி, தேதி.

திங்கட்கிழமை ஸ்டெல்லா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் என் விடுப்பு விண்ணப்பம் இருந்தது.

“டீச்சர், உங்க வீட்டுக்காரருக்கு எந்தப் பல்லு எடுத்தாங்க?”

“கீழ... எடது பக்கம் மேடம்.”

“பஸ் ஸ்டாப்ல நின்னு எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருக்குதே.”

நான் தரையைப் பார்த்தேன். ஏழு பி-யில் என் முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். “மன அமைதியில உங்களுக்குத்தான் அனுபவம் இருக்குது. இனிமே திங்கட்கிழமை பிரேயர்ல அஞ்சு நிமிஷம் தியானம். நீங்கதான் நடத்தணும்” என்றார். நான்கு வருடமாக நடத்துகிறேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் ஐந்நூறு பிள்ளைகளும் நான் எப்போது கத்துவேன் என்று காத்திருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமைகூட அவர்களை நான் ஏமாற்றியதில்லை.

ஒலக்கூர் அம்மாளை ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாராம். “நல்ல எடம் கண்ணு, நேர்லயே காட்டறாங்க” என்றார். மருமகளோடு இப்போது சண்டையும் இல்லையாம்.

தூக்கத்தில் பாடம் எடுக்கிறேன் என்பதை மட்டும் நான் மாதக் கணக்கில் ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த யாழினிதான் அந்த வழக்கை முடித்துவைத்தாள். ஒரு நாள் காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, “அம்மா, இதைக் கொஞ்சம் கேளு” என்று செல்போனை அடுப்படித் திட்டில் வைத்தாள். எங்கள் அறைக்குள் அவள் ராத்திரி வைத்துவிட்டுப் போன போன். அதில் என் குரல், நல்ல தெளிவாக, அதிகாரமாக.

“ஏழுமலை, எழுந்து நில்லு. வீட்டுப்பாடம் எங்க?”

தோசைக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது. அடுத்து அவருடைய குரல். தூக்கக் கலக்கம்தான், ஆனால் கைகட்டி நிற்பது தெரிந்தது.

“நாளைக்கு எழுதிக்கினு வர்றேன் டீச்சர்.”

“உக்காரு.”

அதோடு என் குரல் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து லாரி மேட்டில் ஏற ஆரம்பித்தது.

பல் தேய்த்துக்கொண்டு வந்த அவரிடம் யாழினி போனைக் காட்டினாள். அவர் அசையவில்லை. “பதில் சொன்னாத்தான் உங்கம்மா அடங்குவா. இல்லாட்டி அடுத்த பெஞ்சுக்குப் போயிடுவா” என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

யாழினி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் சரி, பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது ஒருவர், “இன்னா ஏழுமலை, வீட்டுப்பாடம் எழுதியாச்சா?” என்று கேட்காமல் விடுவதில்லை. அவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, பக்கத்தில் இருக்கும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்:

“பத்தொம்பது வருசமா பாக்கி. அதுக்குத்தான் டீச்சரு என்னை பாஸ் போடாம வச்சிக்கினு கீறாங்க.”